பட்டனை அழுத்தக் காசா? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தொழிற்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. "பட்டனை அழுத்திவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு பில்" என்று. பெயர் போடவில்லை. ஆனால் பீளமேடு வட்டாரத்தில் சர்வர், அதாவது உங்கள் கணக்கெல்லாம் இருக்கும் பொதுக் கணினி, பராமரிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது உங்களுக்கும் தெரியும். ஒரு வாடிக்கையாளரின் சர்வரை ரீஸ்டார்ட் செய்துகொடுத்ததற்கு அந்த பில் நாங்கள் போட்டதுதான்.

அந்தக் கறுப்புத் திரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மின்சாரம் வந்ததும் சர்வருக்குள் இருக்கும் ஒரு குட்டிக் கணினிதான் முதலில் விழிக்கிறது. டெல்லில் அதற்கு ஐட்ராக் என்று பெயர், எச்.பி.யில் ஐலோ. அது தயாராகவே ஓரிரு நிமிடம் பிடிக்கும்; அதற்குள் முகப்புப் பட்டனை அழுத்தினால் சர்வர் கண்டுகொள்ளாமலும் இருக்கலாம். பிறகு மெமரி முழுவதும் சோதிக்கப்படுகிறது, பல டிஸ்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கார்டு தன் டிஸ்குகளைத் தேடுகிறது. மெமரி அதிகமுள்ள சர்வரில் இவையெல்லாம் முடியப் பத்து நிமிடத்தை நெருங்குவதும் உண்டு. இடையில் பொறுமை இழந்து அணைத்து ஏற்றினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

"அழுத்திப் பிடிப்பா, சட்டென்று ரீஸ்டார்ட் ஆகிவிடும்" என்று, பில் போட்ட அன்று அந்த இடத்துக்குப் போன எங்கள் பையனிடம் சொன்னார்கள். அவசரம் புரிகிறது. வாசலில் லாரி நிற்கிறது, இ-வே பில் போட வேண்டும். ஆனால் பட்டனை ஒரு தட்டுத் தட்டுவதும் அழுத்திப் பிடிப்பதும் ஒன்றல்ல. தட்டினால், விண்டோஸ் அதை முறையாக மூடிக்கொள்ளச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொண்டு, எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டு அணையும். சில விநாடி பிடித்தால் கேள்விமுறையே இல்லை, கரண்ட் போனதற்குச் சமம். அப்போதும் கணக்குகளைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ், மாற்றங்களைக் குறித்துவைத்த தன் லாக்கைப் பார்த்துப் பெரும்பாலும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். டிஸ்கில் எழுதுமுன் தரவைத் தற்காலிகமாகப் பிடித்துவைப்பது ரெய்டு கார்டின் ரைட் கேஷ்; கரண்ட் போனால் அதைக் காப்பது கார்டின் பேட்டரி. அந்த பேட்டரி செத்திருந்தும் ரைட் கேஷ் ஓடிக்கொண்டிருந்தால் அந்த உத்தரவாதமும் இல்லை. அந்த சர்வரில் பேட்டரி பழுதென்று ஐட்ராக் பல மாதமாக எச்சரித்துக்கொண்டிருந்தது. புதிய பேட்டரிக்கு நாங்கள் கொடுத்த விலைப்புள்ளிக்கு இன்றுவரை பதில் இல்லை. ஆகவே பையன் பிடிக்கவில்லை. ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தான். அணைந்ததும் ஏற்றினான், மறுபடி காத்திருந்தான். கணக்கில் ஒரு வரிகூடக் காணாமல் போகவில்லை. நின்ற நேரத்துக்குத்தான் பில் என்றால், ஆமாம், நின்ற நேரத்துக்குத்தான்.

சிலர் பின்பக்கம் ஒரு வயரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு "எதுவும் நடக்கவில்லை" என்கிறார்கள். இரண்டு பவர் சப்ளை இருப்பதே ஒன்று போனாலும் சர்வர் ஓட வேண்டும் என்பதற்காக.

உண்மையில் பல வேளைகளில் நாங்கள் நேரில் வரவே வேண்டாம். ஐட்ராக், ஐலோவின் இணையப் பக்கத்திலிருந்தே சர்வரை ஏற்றலாம், முறையாக மூடலாம். அங்குள்ள ரீசெட், பவர் சைக்கிள் இரண்டையும் கடைசியாகத்தான் தொடுவோம். முன்னது கரண்ட்டை அணைக்காமல் மீண்டும் தொடங்கும், பின்னது அணைத்து ஏற்றும், இரண்டுமே விண்டோஸைக் கேட்பதில்லை. இதற்கெல்லாம் ஐட்ராக், ஐலோவுக்கென்று சர்வரில் உள்ள தனி நெட்வொர்க் போர்ட்டில் ஒரு கேபிள் செருகியிருக்க வேண்டும். உங்களில் பாதிப் பேர் செருகவில்லை.

பராமரிப்பு மின்தடை நாட்களில் மாலை நேரத்தில் எங்கள் போன் ஓய்வதில்லை. "கரண்ட் வந்துவிட்டது, சர்வர் வரவில்லை" என்பார்கள். கரண்ட் திரும்பும்போது தானாக எழ வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா, பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமா என்று, சர்வரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் ஓர் அமைப்பு இருக்கிறது. 'பழைய நிலை' என்று வைத்துவிட்டு, காலையில் நீங்களே ஒழுங்காக ஷட் டவுன் செய்திருந்தால், அணைந்திருப்பதுதான் பழைய நிலை. பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் போதும். இதைப் போனிலேயே சொல்கிறோம். இதற்கு யாரிடமும் காசு வாங்கியதில்லை. இந்தச் செய்தி மட்டும் எந்தக் குழுவிலும் சுற்றவில்லை.

எங்கள் மூத்த டெக்னீஷியன் பெங்களூரில் நல்ல வேலை கிடைத்துப் போயிருக்கிறார். சம்பளப் பிரச்சினை என்று பேசுகிறவர்கள் அவரையே கேட்கலாம். அவர் இல்லாத இந்த நாட்களில் பொறுத்துக்கொண்டவர்களுக்கும், அந்தச் செய்தியைப் பார்த்ததும் யாரிடமும் பேசாமல் நேராக எங்களை அழைத்து "என்ன நடந்தது?" என்று கேட்டவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்களை நம்பித்தான் கடை ஓடுகிறது. அடுத்த மாதம் முதல் இரவு 9 மணிக்கு மேல் நேரில் வர இருமடங்குக் கட்டணம், ஞாயிறன்று போனில் மட்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மின்தடை அறிவிப்பு வந்ததும் முந்தின நாள் மாலையே அழையுங்கள். டேட்டாபேஸ் சர்வரை, அதை நம்பி ஓடும் சர்வர்களுக்குப் பிறகு அணைத்து, அவற்றுக்கு முன்பு ஏற்ற வேண்டும். உங்கள் இடத்துக்கான வரிசையைத் தாளில் எழுதித் தருகிறோம். சர்வர் இருக்கும் ரேக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்