கிடாரைக் குறைத்துவிட்டேன், மாப்ள

மாப்ள,

வர்ற வெள்ளிக்கிழமை நம்ம பாட்டுக்குப் பிறந்தநாள். அன்றைக்கே புது மிக்ஸை, அதாவது குரலையும் கருவிகளையும் மறுபடி அளவு பார்த்துச் சேர்த்த பாட்டை, ஏற்றப்போகிறேன். உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்திருக்க வேண்டும். போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸப்பில் போட்டேன், நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அதனால் ஊர் பார்க்க எழுதுகிறேன், மன்னித்துக்கொள். ஆனால் நாலு பேர் பார்க்க எழுதினால்தான் நீ கடைசி வரி வரைக்கும் படிப்பாய் என்பதும் எனக்குத் தெரியும்.

எப்படிப் பிரிந்தோம், ரூம் சாவியை யார் யாரிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்பதெல்லாம் நமக்குள் இருக்கட்டும். அட்வான்ஸ் பணத்தைப் பற்றியும் இங்கே ஒரு வரி எழுதமாட்டேன். உன் வீட்டிலும் இதைப் படிப்பார்கள், என் வீட்டிலும் படிப்பார்கள். பாட்டைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஹார்ட் டிஸ்க் என்னிடம்தான் இருந்தது. எடுத்துட்டுப் போடா என்று சொன்னேன். "அதுல என்னடா இருக்கு" என்றாய். எல்லாமே இருந்தது, மாப்ள. உன் கிடார் அத்தனை அடுக்கும், பேஸ், ட்ரம்ஸ், பின்னணியில் நீளமாகப் பரவி நிற்கும் மூன்று கீபோர்டு பேட், எல்லாவற்றுக்கும் அடியில் என் குரல்.

அந்தக் கரண்ட் பில் ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சாலிகிராமத்து மாடி ரூமில், மறுநாள் மாஸ்டரிங் என்னும் கடைசி மெருகுக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில், கீழ் வீட்டு அக்கா ஈ.பி. கார்டோடு படியேறி வந்தார். நீ சந்தோஷத்தில் இருந்தாய். பணத்தை எடுத்துக் கொடுக்கும் முன்பே, "அக்கா, ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போங்க" என்று போனில் பாட்டைப் போட்டாய். அவர் உட்காரவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, கார்டை விசிறியாக்கி வீசிக்கொண்டே முழுசாகக் கேட்டார். தலையை ஆட்டினார். இரண்டாம் சரணத்தில், நீ இருக்கிறதிலேயே நல்ல வரி என்று சொல்லுவாயே, அந்த இடத்தில் நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பாட்டு முடிந்தது. "மியூசிக் சூப்பரா இருக்கு தம்பி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெலுங்கா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. பில் பணத்தை எண்ணிக் கொடுத்தாய். அக்கா இறங்கி, கீழே கதவைச் சாத்துகிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், "போன் ஸ்பீக்கர்ல அப்படித்தாண்டா கேட்கும்" என்றாய்.

அப்படித்தான் கேட்கும், சரி. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் வராது, கிக் ட்ரம்மின் அடி வராது. மிஞ்சுவது அடி ஸ்தாயிக்கும் உச்சிக்கும் இடையிலான நடுப்பகுதிதான். அங்கே உன் கரகரத்த டிஸ்டார்ஷன் கிடாரும் என் குரலும் பஸ்ஸில் ஒரே ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்ட ஆட்கள் மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருந்தன. 2 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4 வரைக்கும் உள்ள அந்த இடத்தில்தான் மனிதக் காது இருப்பதிலேயே கூர்மையாகக் கேட்கும். மெய்யெழுத்துகள் பெரும்பாலும் துலங்குவதும் அங்கேதான். அதை மறைத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் உயிரெழுத்து ஊளை. அது எந்த மொழியாகவும் இருக்கலாம். அக்காவைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

நான் குரலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை 1 டெசிபல் (டிபி) ஏற்றினேன். கிடார் தொங்கிப்போச்சு என்று நீ கிடாரை ஏற்றினாய். நான் மறுபடி ஏற்றினேன். ட்ரம்ஸ் பத்தலை என்றாய். விடியும்போது மாஸ்டர் மீட்டர் சிவப்பில் நின்றது, வார்த்தை அப்போதும் புரியவில்லை. அப்போதுதான் அதைச் சொன்னாய்: "பாடினவன் மிக்ஸ்ல உட்காரவே கூடாதுடா. உனக்கு உன் குரல் எப்பவும் பத்தாது."

சோபாவில் படுத்திருந்த மூன்றாவது ஆளும் அதற்கு ஆமாம் போட்டார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. இப்போது நல்ல இடத்தில் இருக்கிறார், நல்லா இருக்கட்டும். அவர் முன்னால் நான் பதிலுக்குச் சொன்ன சொல்லுக்காக வருத்தப்படுகிறேன். உன் அப்பாவை அதில் இழுத்திருக்கக் கூடாது. ஆனால் என்னைத் தற்பெருமைக்காரன் என்று நீ சொன்னது மட்டும் ஏதோ தொழில் ஆலோசனை மாதிரி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம்கூட ஒரு பையன் என்னிடமே வந்து சொன்னான், "பாடினவங்க மிக்ஸ் பண்ணக் கூடாதாமே அண்ணா" என்று.

அன்றைக்கு நீ பீட்டில்ஸ் ஜான் லெனானை வேறு இழுத்தாய். அவருக்கே தன் குரல் பிடிக்காது, உனக்கென்ன என்று. அவருக்குப் பிடிக்காதுதான். குரல் தடிக்க ஒரே பாட்டை இரண்டு தடவை பாடி ஒட்டவைப்பதும் அலுப்புதான். அதற்காக 1966-ல், பின்னால் அபி ரோட் என்று பெயர் மாறிய அந்த ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில், இன்ஜினியர் கென் டவுன்செண்ட் இன்னொரு டேப் மெஷினை வைத்து ஒரே டேக்கைத் துளி தாமதத்தில் அதன் மேலேயே விழச் செய்தார். அதனால் குரல் தடித்து முன்னால் வந்ததே தவிர, கிடாருக்குப் பின்னால் போய் ஒளியவில்லை. இது எனக்கு அந்த ராத்திரி நாக்கில் வரவில்லை. அடுத்த நாள் குளிக்கும்போதுதான் வந்தது.

இன்னொன்றும் அன்றைக்குச் சொல்லவில்லை. அந்த வரிகளை எழுதினவன் நீ. உனக்கு ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடம். தெரிந்த வார்த்தை பாதி காதில் விழுந்தாலே போதும், மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும், முழுசாகக் கேட்ட மாதிரியே இருக்கும். அதனால் உனக்கு எந்த மிக்ஸிலும் குரல் தெளிவாகத்தான் இருந்தது. எனக்கும்தான், பொய் சொல்லவில்லை. வரி தெரியாமல் கேட்ட ஒரே ஆள் கீழ் வீட்டு அக்கா. என் குரலைத்தானே அமுக்குகிறோம் என்று நீ இருந்தாய். அதோடு சேர்ந்து போனது உன் வரி.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். உனக்குக் கோபம் வந்தாலும் ஆர்வம் விடாது.

முதலில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கம்ப்ரஸரைத் தொடவே இல்லை. வார்த்தை வார்த்தையாக வெட்டி, துண்டு துண்டாக அதன் அளவை மாற்றி (க்ளிப் கெய்ன்) சத்தத்தைச் சமப்படுத்தினேன். நீ எழுதும் வரிகள் பெரும்பாலும் 'ம்', 'ல்', 'ன்' என்று மூச்சு தீரும் இடத்தில் முடியும், கவனித்திருக்கிறாயா? நானும் அங்கே தொண்டையை விட்டுவிடுவேன். அந்தக் கடைசி அசைகளை 2, 3 டிபி தூக்கினதும் பாதிப் பாட்டு புரிய ஆரம்பித்துவிட்டது. அப்புறம்தான் கம்ப்ரஸர், அதுவும் இரண்டு. 1176 என்ற கம்ப்ரஸர் மாதிரி வேகமான ஒன்று, துள்ளும் இடத்தை மட்டும் பிடிக்க. அதன் பின்னால் எல்.ஏ.2ஏ மாதிரி நிதானமான ஒன்று. ஒரே ஆளாக 8 டிபி அமுக்கினால் குரல் திணறும். ஆளுக்கு மூன்று நான்கு என்று பிரித்துக் கொடுத்தால் கம்ப்ரஸர் போட்டதே தெரியாது.

குரலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டினேன். 250 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பொந்துச் சத்தம் இருந்தது. நான் மைக்கை முத்தமிட்டுப் பாடினது பாதிக் காரணம், நம்ம ரூம் மீதி. சுவரில் ரஜாயும் முட்டை ட்ரேயும் மாட்டிவிட்டு ஸ்டூடியோ என்று போர்டு வைத்தோமே, அவை மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் குடித்தனவே தவிர, அடிப்பக்கத்தைத் தொடவே இல்லை. அந்தப் பொந்துச் சத்தத்தையும் குறைத்தேன். 'ச' வரும் இடங்களில் 6, 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சீறலை அடக்கும் ஒரு டீ-எஸ்ஸர். நீ போட்டிருந்த பிரம்மாண்டமான ஹால் ரிவெர்பை, அதாவது மண்டப எதிரொலியை, தூக்கிவிட்டேன். குரலைப் பின்னால் தள்ளியதில் அதற்கும் பங்கு உண்டு. பதிலுக்கு ப்ளேட் என்ற ஒரு சின்ன எதிரொலி, அது கிளம்ப 40 மில்லிசெகண்ட் தாமதம் (ப்ரீ-டிலே). வார்த்தை முதலில் வந்து நிற்கும், எதிரொலி அப்புறம்தான் கிளம்பும்.

இதுவரைக்கும் உனக்குச் சம்மதமாகத்தான் இருக்கும். இனிமேல்தான் உன் கிடார்.

நடுவில் நின்ற இரண்டு கிடாரை இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் அனுப்பிவிட்டேன். பேட் மூன்றில் இரண்டை ம்யூட் செய்தேன். எது எது என்று நீயே கண்டுபிடி, முடியாது. கிடாரில் 2.5 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி அகலமாக 3 டிபி குறைத்தேன், அதுவும் குரல் வரும்போது மட்டும். அந்த வேலையைத் தானாகச் செய்யும் டைனமிக் ஈக்யூவுக்குக் குரலையே சைகையாக (சைட்செயின்) கொடுத்திருக்கிறேன். நான் வாயை மூடினதும் உன் கிடார் முழுசாகத் திரும்பி வந்துவிடும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு குரல் ஃபேடர் எங்கே நிற்கிறது தெரியுமா? பழைய மிக்ஸில் இருந்ததைவிடக் கீழே. நம்பமாட்டாய். ஸ்க்ரீன்ஷாட் வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் புதுசா, மாப்ள? பழைய சினிமாப் பாட்டில் ஆர்க்கெஸ்ட்ராவும் பாடகரும் ஒரே ஹாலில் ஒரே நேரத்தில் நின்றார்கள். பின்னால் உட்கார்ந்து பிரித்துத் திருத்த வழியில்லை, அதனால் இசை எழுதும்போதே இடம் விட்டார்கள். வயலின் கூட்டம் பொங்கி வருவது பெரும்பாலும் இடையிசையில். சரணம் தொடங்கினால் ஒதுங்கிக்கொள்ளும். கச்சேரியில் வயலின்காரர் பாடகரை ஒட்டி அடங்கி வாசித்து, பாடகர் மூச்சு விடும் இடத்தில் எழுந்து வருவதை நீ சின்ன வயதிலிருந்து முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன். நான் ரேடியோவில் கேட்டு வளர்ந்தவன். உனக்கு நான் சொல்லித் தருகிற நிலைமை வந்தது பார்.

இடது வலது பிரிக்காமல் மோனோவில் போட்டுக் கேட்டேன். சத்தத்தைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் குறைத்துவிட்டு, சமையலறையில் நின்றும் கேட்டேன். சத்தம் குறையக் குறைய அடியும் உச்சியும் காதுக்கு மங்கும், நடுப்பகுதிதான் தாக்குப்பிடிக்கும் என்று 1933-லேயே பெல் ஆய்வகத்து ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வைத்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் வார்த்தை நின்றால் எங்கேயும் நிற்கும். நின்றது. நீ எப்போதும் ஜன்னல் கண்ணாடி அதிர வைத்துத்தான் மிக்ஸ் பண்ணுவாய். அந்தச் சத்தத்தில் எந்த மிக்ஸும் நன்றாகத்தான் இருக்கும்.

திட்டுவதற்காக இதை எழுத ஆரம்பிக்கவில்லை. உன் ட்ராக்குகளைத் தனித்தனியாகக் கேட்டபோது ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நீ இருமுகிறாய், ஸ்டூல் கிறீச்சிடுகிறது, "ரெடியாடா?" என்கிறாய். பழைய மிக்ஸில் அதையெல்லாம் வெட்டிவிட்டோம். வாசிப்பு எவ்வளவு நிதானம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவே இல்லை. அடுக்கடுக்காக வைத்ததில் உன்னை நீயே மூடிக்கொண்டாய். ஓரத்துக்குத் தள்ளின பிறகு ஒவ்வொரு நரம்பும் தனியாகக் கேட்கிறது. இதை நேரில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீதான் எடுக்கவில்லையே.

இசை, வரிகள் என்று உன் பெயர்தான் முதலில் வருகிறது. மிக்ஸ் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன், பழி வந்தால் என்னோடு போகட்டும் என்று. வருமானம் பழையபடி சரிபாதி. வந்தால்தானே, அது வேறு. பழைய மிக்ஸை எடுக்கமாட்டேன். கேட்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கட்டும்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. சோலோவுக்கு இரண்டு ஃபைல் இருக்கிறது. ஒன்றுக்கு 'ஃபைனல்' என்று பெயர், இன்னொன்றுக்கு 'ஃபைனல் ஃபைனல்'. ஒழுங்காகப் பெயர் வைத்துத் தொலைத்திருக்கலாம். முதலாவதில் முடிவு நன்றாக இருக்கிறது, இரண்டாவதில் ஆரம்பம். வெட்டி ஒட்ட முடியும், ஆனால் நீ கத்துவாய். வியாழன் ராத்திரிக்குள் எது என்று ஒரு வார்த்தை அனுப்பு. 'முதல்' இல்லை 'ரெண்டு' என்று போட்டால் போதும், வேறு எதுவும் பேச வேண்டாம். வரவில்லை என்றால் வெட்டி ஒட்டிவிடுவேன்.