சாயல்குடிக் கடலோரப் புள்ளிமான்களுக்குத் தை மாதமே தண்ணீர் கேட்டு மனு

அனுப்புநர்
கிராமப் பொதுமக்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
சாயல்குடி வட்டாரம், கடலாடி தாலுகா,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: கண்மாய் வற்றுமுன்பே புள்ளிமான்களுக்குத் தண்ணீர்த் தொட்டி அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பக்கம் உடைமரமும் சீமைக்கருவேலும் மண்டிய காட்டில் புள்ளிமான்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் மாசி வரை அவற்றுக்குக் கவலையில்லை. அப்புறம் கண்மாய் வெடித்துக் கிடக்கும். கடலோரக் கிணறுகளில் பல உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீர் தேடி ஊருணிப் பக்கம் வரும் மானை நாய்கள் விரட்டும். கிழக்கு கடற்கரைச் சாலையில் வண்டி அடித்துப் போடும். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழும். நாய் கடித்துச் செத்தது, லாரி அடித்துச் செத்தது என்கிறோம். காட்டைவிட்டு வெளியே இழுத்து வந்தது தாகம்.

இங்கே கோடை செய்வதை அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பனிக்காலம் செய்கிறது. அங்குள்ள எல்க் என்ற பெரிய மானும் மியூல் மானும் கோடையில் மேய்ந்து உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் குளிரைக் கடக்கின்றன. பனி ஆழமாகக் கிடந்தால் நடப்பதற்கும் அடியிலுள்ள புல்லைக் கிளறுவதற்குமே தெம்பு தீர்ந்துவிடும். இருப்புக் குறைவான குட்டிகள்தாம் முதலில் சாகும். குளிர் முடியப்போகிறது என்று நாம் நினைக்கும் நேரத்தில்தான் சாவு கூடும். அதற்குள் கொழுப்பு காலியாகியிருக்கும். 2022-23 குளிர்காலத்தில் அங்கே மியூல் மான்கள் ஏராளமாகச் செத்தன.

மெலிந்து விழும் நேரத்தில் மக்காச்சோளத்தைக் கொட்டினாலும் பலனில்லை. கல்யாண வீட்டுச் சோற்றைத் தின்ற ஆட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: இரைப்பையில் அமிலம் ஏறி, வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்துவிடும். மானும் அசைபோடும் பிராணிதான். தழையும் நெற்றும் தின்று பழகிய அதன் வயிறு திடீரென்று தானியத்துக்கு மாறாது. நம் ஊரில் இரக்கப்பட்டு மீந்த சோறு வைப்பவர்களையும் தாங்கள் தடுக்க வேண்டும்.

எல்க் மான்களைக் காப்பாற்ற 1912-இல் வயோமிங்கின் ஜாக்சன் அருகே புகலிடமே அமைத்தார்கள். குளிர்காலத்தில் தீவனமும் போட்டார்கள். பட்டினிச் சாவு குறைந்தது, சரி. ஆனால் மந்தை ஒரே இடத்தில் கூடி நின்றதில் கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லோசிஸ் பரவ வழி ஏற்பட்டது. மாட்டையும் தொற்றும் நோய் அது.

ஆகவே தாங்கள் ஒரே பெரிய தொட்டியாகக் கட்டாமல், சாலையிலிருந்து தள்ளிக் காட்டுப் பக்கமாகச் சிறு தொட்டிகளைப் பரவலாக அமைத்துத் தர வேண்டுகிறோம். தொட்டி தரையோடு தரையாக, ஒரு பக்கம் சரிவாக இருந்தால் குட்டி தவறி விழுந்தாலும் ஏறிவிடும். நெடுஞ்சுவர் எழுப்பினால் காக்கைதான் குடிக்கும். முக்கியமாக, தை மாதமே தண்ணீர் நிரப்பத் தொடங்க வேண்டும். சித்திரையில் வரும் டேங்கர், மான்கள் ஊருக்குள் வந்து பழகிய பிறகு வருகிறது. காட்டோரம் உள்ள திறந்த கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பவும், மான்கள் கடக்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகையும் வேகத்தடையும் வைக்கவும் உரிய துறைகளுக்குத் தாங்கள் எழுத வேண்டும். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்ய ஊராட்சிகளுக்கும் ஒரு கடிதம் போனால் நல்லது.

தொட்டிகளை வாரம் தவறாமல் பாசி போகக் கழுவும் வேலையை எங்கள் ஊர் இளைஞர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். தண்ணீருக்கும் டேங்கருக்கும் மட்டும் தாங்கள் உத்தரவிட வேண்டும். மான்கள் வந்துபோகும் தடம் எங்களுக்குத் தெரியும். வனவர் பார்வையிட வரும் நாளில் கூட வந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)