ஆர்சனிக்கைக் காட்டும் இலைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உயிருள்ள செடியையே உணர்கருவியாக்கும் ஆராய்ச்சி நம் நாட்டுக்கு மிகவும் தேவையானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்ட்ரானோ குழுவினர் 2016இல் பாலக்கீரை இலைக்குள் கார்பன் நானோகுழாய்களை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கரிமக் குழாய்களை, செலுத்தினார்கள். நிலத்தடி நீரில் வெடிமருந்து வேதிப்பொருள் இருந்தால் வேர் அதை உறிஞ்சி இலைக்கு அனுப்பும். சில நிமிடங்களில் இலையிலுள்ள அந்தக் குழாய்கள் வெளியிடும் அகச்சிவப்பு ஒளி மாறும், கேமரா அதைப் படித்துவிடும். பின்னர் சிங்கப்பூர் ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதே வழியில் நெல், பெரணி, கீரைச் செடிகளைக் கொண்டு ஆர்சனிக் என்ற நச்சுப் பொருளையும் கண்டறிந்தார்கள்.

மேற்கு வங்கத்தில் நதியா, முர்ஷிதாபாத் மாவட்ட மக்கள் ஆர்சனிக் கலந்த ஆழ்குழாய் நீரால் பல பத்தாண்டுகளாகத் துன்பப்படுகிறார்கள். அந்த நீர் பாயும் வயலில் நெல்லுக்குள்ளும் நஞ்சு ஏறுகிறது. நீரைத் தானாகவே இழுத்து, சூரிய ஒளியில் வாழும் செடியைவிடச் சிக்கனமாகச் சோதனைக்கு நீர் எடுத்துத் தரும் கருவி ஏது? செடிகளின் மின் துடிப்பை அளந்து காட்டிய ஜகதீச சந்திர போஸ் 1917இல் தொடங்கிய ஆய்வு நிறுவனமும் அதே மாநிலத்தில்தான், கொல்கத்தாவில், இருக்கிறது.

மத்திய அரசு இதற்கு நிதி ஒதுக்கி, பாதிக்கப்பட்ட வயல்களிலேயே சோதனை நடத்த வேண்டும். நானோகுழாய்கள் மண்ணிலோ தானியத்திலோ தங்குமா என்பதையும் அந்தச் சோதனையிலேயே ஆராய்ந்து, முடிவுகளை விவசாயிகளுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர், கும்பகோணம்