பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாதீர்கள்

டெல்டா மாவட்டப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் மாலை நேரங்களில் பள்ளி மாணவிகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள்.

நான் பத்தாவது படித்தபோது குறுவட்டப் போட்டிக்காக ஒரு மாதம் பயிற்சி எடுத்தோம். வரிசையில் நின்று லே-அப் (ஓடிவந்து கூடையருகே எம்பிப் பந்தைப் போடுவது), ஜோடி ஜோடியாக நின்று பாஸ். பிசகே இருக்காது. போட்டியன்று எதிரணிப் பெண்கள் கோர்ட் முழுக்க பிரஸ் போட்டார்கள்; எங்கே பந்தை எடுத்தாலும் விடாமல் நெருக்கினார்கள். 8 வினாடிக்குள் பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுபோக எங்களால் முடியவில்லை. விசிலுக்கு மேல் விசில். அவ்வளவு அழகாகப் பழகிய லே-அப்பைப் போடும் இடத்துக்கே நாங்கள் போய்ச் சேரவில்லை. அதுவரை எங்களை யாரும் நெருக்கியதே இல்லை.

இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் சுற்றுக் கிராமத்துக்காரர்கள். டவுன் பஸ்ஸை விட்டால் வீடு சேர இருட்டிவிடும். ஆக, கையில் இருப்பது 50 நிமிடம். 12 பேர் ஒரே வரிசையில் நின்றால், ஒருத்தி ஒருமுறை பந்தைத் தொட்டுவிட்டு 11 பேருக்காகக் காத்து நிற்கிறாள்.

அதனால் முதல் 15 நிமிடம்தான் அடிப்படை. மீதி நேரமெல்லாம் களேபரம். 11 பேர் ஆடும் பயிற்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று பேர் தாக்க, இரண்டு பேர் தடுப்பார்கள். கூடையில் விழாமல் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, யார் பிடித்தாலும் சரி, பிடித்தவள் ஓரங்களில் நிற்கும் இருவரோடு சேர்ந்து மூவராக எதிர்க் கூடைக்குப் பறக்க வேண்டும். அங்கேயும் தடுக்க இருவர், ஓரங்களில் இருவர் காத்திருப்பார்கள். யாருக்கும் நிற்க நேரமில்லை. யாருக்குப் பந்து, யார் யாரை மறிப்பது என்பதை ஓடிக்கொண்டேதான் முடிவுசெய்ய வேண்டும்.

கூடைக்கு எறிய மிச்சமிருக்கும் வினாடியைக் காட்டும் ஷாட் கிளாக் நம் பள்ளிகளில் ஏது? வெளியே இருக்கும் பிள்ளை கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, 14-லிருந்து உரக்க எண்ணச் சொல்கிறேன். விதிப்படி 24 வினாடி உண்டு. 14-ல் பழகியவளுக்கு அது தாராளம்.

தவறு நடந்ததும் விசில் ஊதி எல்லோரையும் நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பந்து கைதவறிப் போன அடுத்த நொடி என்ன செய்வது என்பதைத்தான் அவள் பழக வேண்டும். அவள் வெளியே வரும்போது ஓரமாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படி ஓடவிட்டால் ஆட்டத்தில் ஒழுங்கு கெடும், அடிபடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. முதல் வாரம் பார்க்கச் சகிக்காது, உண்மைதான். ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்கு இது வேண்டாம். அவர்கள் கால் வைக்கப் பழகட்டும். வெயில் நாளில் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் சிமென்ட் தரை வழுக்கும். அதற்குள் ஒரு செவ்வாயோ வியாழனோ உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேட்ச் வேண்டாம். இரண்டு பள்ளியையும் கலந்து ஓடவிடுவோம். பஸ் நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர்