செயலாளர் ஆண்டறிக்கை 2024–2025: மொய் விருந்து, உண்டியல், வெட்டுக் காய்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளை இந்த அறிக்கையில் சொல்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். தணிக்கை முடிந்த நகல் வாசல் மேசையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அதனால் நான் தொகைகளுக்குள் போகவில்லை. பணம் எப்படித் திரண்டது, எங்கே தவறு செய்தோம், வரும் ஆண்டில் எந்த வழியில் திரட்ட வேண்டும் என்று நினைக்கிறேன், இவற்றைத்தான் பேசப்போகிறேன்.

இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கும், நம் ஆதரவில் இருந்து மறைந்த நோயாளிகள் அனைவருக்கும் முதலில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு விளக்கம். நாம் மருத்துவமனை நடத்தவில்லை. பேராவூரணியையும் சுற்று ஊர்களையும் பார்த்துக்கொள்ளும் ஒரு தொண்டு அமைப்பின் வீட்டுச் சிகிச்சைக் குழுவுக்கு நாம் தோள் கொடுக்கிறோம். புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதம் வந்து படுத்தவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வீட்டுக்கு ஒரு நர்ஸும் உதவியாளரும் வேனில் போகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில் மருத்துவரும் போகிறார். ‘பாலியேட்டிவ் கேர்’, ‘நோய் ஆதரவுச் சிகிச்சை’ என்றெல்லாம் அதற்குப் பெயர் உண்டு. நம் ஊர்க்காரர்கள் ‘வலி வண்டி’ என்கிறார்கள். எனக்கும் அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது, அதையே இங்கே சொல்கிறேன்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இந்தச் சேவை இருக்கிறது. அதற்குப் போட்டியாக நாம் எதையும் செய்யவில்லை. அந்த ஊழியர்கள் பல வீடுகளை நமக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் தேவை பெரியது. உலக அளவில் இந்தச் சிகிச்சை தேவைப்படுபவர்களில் 100க்கு 14 பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மீதி 86 பேரும் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு வீட்டின் பின்கட்டில்தான் படுத்திருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் போய்விடும். உட்காரவே முடியாதவரைக் காரில் கிடத்திக் கொண்டுபோவது எப்படிப்பட்ட கொடுமை என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன்.

ஆண்டின் பெரிய நிகழ்ச்சி ஆடி மாதம் நாம் வைத்த மொய் விருந்து. நம் பக்கத்தில் ஆடி ஆவணி என்றாலே மொய் விருந்துதான். ஆனால் ஒரு தொண்டு காரியத்துக்காக வைக்கலாமா என்பதில் செயற்குழுவுக்குள் கடுமையான விவாதம் நடந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, ‘மொய்னா திருப்பிச் செய்யணும். சங்கம் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்குப் போய்த் திருப்பிச் செய்யும்?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் ஊரில் மொய் நோட்டு ஒரு கடன் பத்திரம் மாதிரி. அப்பா வாங்கிய மொய்யை மகன் தேடிப்போய்ச் செய்கிறான். இரண்டு கூட்டம் பேசி, ‘இந்த மொய்க்குத் திருப்பிச் செய்முறை கிடையாது’ என்று அழைப்பிதழிலேயே அச்சடிப்பதென முடிவு செய்தோம். அப்படிப் போட்டால் யார் வருவார்கள் என்ற பயம் கடைசி நாள் வரை எனக்கு இருந்தது.

வந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கும் பந்தி ஓயவில்லை. கறிச்சோறும் சைவச் சாப்பாடும் தனித்தனிப் பந்தியாக நடந்தன.

அன்று நடந்த ஒன்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். தென்னங்கீற்று முடைந்து பிழைத்த ஓர் அம்மா, வாயில் புற்றுநோய் வந்து, கன்னம் புண்ணாகி, சித்திரையில் இறந்துபோனார். வலி வண்டி முதல் முறை போனபோது அவர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாகப் படுத்திருந்தார். வீட்டார் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. புண்ணின் வாடை அப்படி. பேரப்பிள்ளைகளால் கிட்டே போக முடியவில்லை. நர்ஸ் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கி அதன்மேல் தூவிக் கட்டுப் போட்டார். மருமகளுக்கும் அதைச் செய்யக் கற்றுக்கொடுத்தார். சில ரூபாய் மாத்திரைதான். ஒரு வாரத்துக்குள் வாடை அடங்கியது. அம்மாவின் கட்டில் திண்ணைக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். கடைசி இரண்டு மாதம் அவர் அந்தத் திண்ணையில், மனிதர்களுக்கு நடுவில் இருந்தார்.

அவருடைய மகன் விருந்துக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதும் இடத்தில் நின்று என்னிடம் சொன்னார்: ‘அண்ணே, திருப்பிச் செய்ய வேணாம்னு கார்டுல போட்டிருக்கீங்க. நான் திருப்பிச் செய்யத்தான் வந்திருக்கேன். எங்க அம்மாவுக்கு நீங்க செஞ்சது எங்க வீட்டு நோட்டுல இருக்கு.’ விவாதத்தைக் கிளப்பிய பெரியவரும் அப்போது என் பக்கத்தில்தான் இருந்தார். நோட்டை அவரே வாங்கி, அந்தப் பெயரைத் தன் கையால் எழுதினார்.

அதே விருந்தில் நாம் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். பந்தல் வாசலில் வைத்த பிளெக்ஸ் தட்டியில் சிகிச்சையில் இருக்கும் ஒரு நோயாளியின் படம் வந்துவிட்டது. வண்டியோடு போன தொண்டர் ஒருவர் நல்ல எண்ணத்தில் எடுத்த படம். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தக் குடும்பத்தைக் கேட்டீர்களா என்று நான் விசாரிக்கவில்லை. அவருடைய பெண்ணைப் பார்க்க அந்த மாதம்தான் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வீட்டில் இன்ன நோய் என்று ஊருக்கே நாம் அறிவித்துவிட்டோம். அன்று மாலையே தலைவரும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அந்தக் குடும்பம் கோபப்படவில்லை, அழுதது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இனி எந்த நோயாளியின் படமும் பெயரும் நம் நோட்டீசிலோ, தட்டியிலோ, வாட்ஸ்அப்பிலோ வரக்கூடாது என்று செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது. பொதுக்குழுவும் அதை உறுதிசெய்ய வேண்டும்.

விருந்துச் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிடா, அரிசி, பந்தல், பாத்திர வாடகை, மைக் செட், தட்டி எல்லாம் சேர்ந்து வந்ததில் பெரும் பங்கைத் தின்றுவிட்டன. கணக்கில் பார்ப்பீர்கள். நம் ஊர் வழக்கத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்வது உண்டு. அடுத்த ஆடியில் நாமும் அப்படி ஒரு கூட்டு விருந்தில் ஒரு பங்காளியாகச் சேர்ந்து, நமக்கென்று ஒரு மேசை மட்டும் போடலாம் என்பது என் யோசனை.

அடுத்து, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். விருந்தில் மிஞ்சிய பணம் கார்த்திகைக்குள் கரைந்துவிட்டது. யாரும் வீண்செலவு செய்யவில்லை. வலி வண்டியின் செலவு அப்படிப்பட்டது. நர்ஸ் சம்பளம் மாதாமாதம் முதல் தேதி கொடுக்க வேண்டும். டீசல் தினமும் வேண்டும். புண் கட்டுவதற்கு காஸ் துணி, பஞ்சு, கையுறை, சிறுநீர்க் குழாய், படுக்கைப் புண் வராமல் இருக்க ஏர் பெட், இவையெல்லாம் ஓயாமல் தேவைப்படும். கடும் வலிக்கு மார்பின் என்ற மாத்திரை கொடுத்தால் கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒரு முறை சாப்பிட வேண்டும். நடுவில் நின்றால் வலி திரும்ப ஏறிவிடும். ஆண்டுக்கு ஒரு நாள் பெரிதாகத் திரட்டி, மற்ற நாட்களில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது இந்தக் காரியத்துக்குச் சரிப்படாது. நவம்பர் கடைசியில் டெல்டா முழுக்க மழை கொட்டியபோது, தோப்புக்குள் இருக்கும் வீடுகளுக்கு வேன் போக முடியாமல் டிராக்டர் பிடித்துப் போனார்கள். அந்த வாடகையைக் கொடுக்க நம் கையில் பணம் இல்லை. தலைவர் தன் பையிலிருந்து கொடுத்தார். அவர் இதைச் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்கிறேன்.

ஜனவரியில் நம் உறுப்பினர்கள் சிலர் கோழிக்கோட்டுக்குப் போய்வந்தார்கள். 1993இல் அங்கே மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் சிறியதாகத் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், அடுத்த பத்தாண்டுகளில் ஊர் ஊருக்கு அக்கம்பக்கத்தார் குழுக்களாகப் பரவியது. 2008இல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கை வகுத்தது. போய்வந்தவர்கள் கொண்டுவந்த செய்தி ஒன்றுதான்: அங்கே பெரிய நன்கொடையாளரை நம்பி வண்டி ஓடவில்லை. கடை உண்டியல், பள்ளிப் பிள்ளைகளின் சில்லறை, கூலிக்காரரின் மாதச் சிறு தொகை, இவைதான் டீசல்.

அதைப் பார்த்துத்தான் பிப்ரவரியில் உண்டியல் தொடங்கினோம். டீக்கடை, பரோட்டாக் கடை, உரக்கடை, சலூன், பெட்ரோல் பங்க் என்று கேட்ட இடத்தில் எல்லாம் வைக்கச் சம்மதித்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, கடைக்காரர் முன்னிலையில் திறந்து, எண்ணி, அங்கேயே ரசீது கொடுக்கிறோம். ஓர் உண்டியல் திருடு போனது. கடைக்காரர் வருத்தப்பட்டுத் தன் பணத்தைக் கொடுக்க வந்தார், நாம் வாங்கவில்லை. சில்லறையை ஒரு வங்கிக் கிளையில் எடுத்துக்கொள்ள மறுத்து அலைக்கழித்தார்கள். இப்போது கடைக்காரர்களே சில்லறையை வாங்கிக்கொண்டு நோட்டாகக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் அது உதவி.

இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது ‘வெட்டுக் காய்’. யோசனை ஒரு தென்னை விவசாயி அக்காவுடையது. ‘மாசா மாசம் காசு கொடுன்னா எங்களால முடியாது. 45 நாளுக்கு ஒரு வெட்டு. வெட்டுக்குப் பத்துக் காய் ஒதுக்கி வைக்கிறோம், வந்து எடுத்துக்குங்க’ என்றார். அவ்வளவுதான். தோப்புக்காரர்களிடம் சொன்னோம், ஒத்துக்கொண்டார்கள். தம்பிகள் இருசக்கர வாகனத்திலும் லோடு ஆட்டோவிலும் போய்ச் சேகரித்து மொத்தமாக விற்கிறார்கள். தேங்காய் விலை நன்றாக இருந்ததும் உதவியது. 2018 நவம்பரில் கஜா புயல் நம் தோப்புகளைச் சாய்த்தபோது, அடுத்த வேளைச் சோற்றுக்கு வெளியூர் லாரிக்குக் காத்திருந்தோம். அதற்குப் பின் வைத்த கன்றுகள் காய்க்கத் தொடங்கிய தோப்புகளிலிருந்து இந்தக் காய்கள் வருகின்றன. முதல் லோடு ஏறியபோது எனக்குக் கண் கலங்கியது.

2024இல் அக்டோபர் 12 உலக நோய் ஆதரவுச் சிகிச்சை நாள். விஜயதசமியும் அன்றே வந்ததால் மறுநாள் ஞாயிறு நிகழ்ச்சி வைத்தோம். உலக நாடுகள் இந்தச் சிகிச்சையைத் தங்கள் சுகாதார அமைப்பில் சேர்ப்பதாக 2014இல் தீர்மானம் போட்டுப் பத்தாண்டு ஆனதுதான் அந்த ஆண்டின் கருப்பொருள். நாம் பேச்சாளர்களைக் குறைத்துக்கொண்டு, படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எப்படிப் புரட்டுவது, படுக்கை விரிப்பை அவர் கிடக்கும்போதே எப்படி மாற்றுவது என்று நர்ஸைக் கொண்டு செய்து காட்டினோம். பெண்கள்தான் அதிகம் வந்தார்கள். ஆண்கள் வரவேண்டும், வீட்டில் தூக்கிப் புரட்ட நம் கை தேவை.

மார்பின் பற்றிய பயமும் அன்று நிறையப் பேசப்பட்டது. ‘அது கொடுத்தால் ஆள் முடிந்துவிட்டார் என்று அர்த்தம்’ என்று பலர் நம்புகிறார்கள். தவறு. அது வலிக்கான மருந்து. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளே அதை வாங்கி வைக்கத் தயங்கிய காலம் உண்டு. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற இடங்கள் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

வருமான வரி பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். நன்கொடைக்கு வரி விலக்கு வேண்டுமென்றால் வலி வண்டியை நடத்தும் தொண்டு அமைப்பின் கணக்குக்கே நேராக அனுப்புங்கள். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது.

ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்த ஆட்டோ ஓட்டுநர்களுக்கும், விருந்துக்குக் கூலி வாங்காமல் சமைத்த சமையல்காரருக்கும், கோலப் போட்டி நடத்திய மகளிர் குழுவுக்கும், வெட்டுக் காய் கொடுத்த தோப்புக்காரர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

பொதுக்குழுவின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். நோயாளி படம், பெயர் வெளியிடத் தடை. அடுத்த ஆடியில் கூட்டு விருந்தில் பங்கு. வெட்டுக் காயைச் சுற்று ஊர்களுக்கும் விரித்து, அதில் வரும் பணம் முழுவதையும் நர்ஸ் சம்பளத்துக்கே ஒதுக்குவது.

அடுத்த உண்டியல் திறப்பு வரும் முதல் ஞாயிறு காலை 7 மணிக்குப் பேருந்து நிலையத்து டீக்கடையில் தொடங்கும். எண்ணுவதற்கு ஆள் குறைவாக இருக்கிறது, வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வணக்கம்.

செயலாளர்