இந்த சீசனில் என்னைத் தூக்க ஆள் வைக்க வேண்டாம், அண்ணா

அண்ணா,

நீங்கள் பாட, நான் வயலின் வாசிக்க வேண்டிய டிசம்பர் கச்சேரித் தேதிகளை அனுப்பியிருந்தீர்கள். சிலவற்றுக்கு வருகிறேன், மற்றவற்றுக்கு வரமாட்டேன். எதெதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் சொன்னால் "பாத்துக்கலாம்மா, ரெண்டு பசங்கள சொல்லி வைக்கிறேன்" என்பீர்கள், உங்கள் குரலைக் கேட்டதும் நானும் சரி என்றுவிடுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன், நானே பின்வாங்க முடியாதபடி.

எந்த சங்கீத சபா என்று எழுதப்போவதில்லை. அங்கே யாரும் எனக்குக் கெடுதல் நினைத்தவர்கள் இல்லை, செயலாளர் மாமா இதைப் படிப்பார் என்றும் தெரியும். மேடைக்குப் பின்னால் இருக்கிற இரும்புப் படி என்று சொன்னால் நம் இரண்டு பேருக்கும் போதும்.

அந்த மழை நாளை நீங்கள் மறந்திருப்பீர்கள். என்னைச் சக்கர நாற்காலியோடு தூக்கியது மைக் செட் பையன் ஒருவன், கேன்டீனில் பரிமாறுகிற பையன் ஒருவன். மேலே போனால் நேரம் இருக்காது என்று கீழேயே சுருதி சேர்த்துவிட்டதால் வயலின் பெட்டிக்குள் இல்லை, என் மடியில் இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பட்டுப்புடவைக் கொசுவம் சக்கரத்தில் மாட்டாமல் அள்ளிப் பிடித்துக்கொண்டு, பெயர் தெரியாத ஒருவனுடைய கை என் இடுப்போரம் உரச, மூன்றாவது படி வரை போயாயிற்று. கீழே இருந்தவனுக்கு ஈரச் செருப்பு வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நீங்கள் பாய்ந்து வந்து பிடித்தது வயலினை.

அது என் சார் வாசித்த வயலின், அதன் அருமை தெரிந்துதான் பிடித்தீர்கள், என்னைக் கேட்டிருந்தாலும் முதலில் அதைப் பிடியுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படியும் அந்தக் கை எந்தப் பக்கம் போயிற்று என்பது மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அப்புறம் பசங்களைப் பார்த்து "லைட் வெயிட்டுதான்டா, பயப்படாதீங்க" என்றீர்கள். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து நிமிஷத்தில் திரை தூக்கப்போகிறார்கள், முகத்தை வேறு எப்படி வைத்துக்கொள்வது?

அன்றைக்குத் தோடி ராகத்தில் எனக்கு நீங்கள் விட்ட இடத்தை வேறு எந்தப் பாடகரும் ஒரு பக்கவாத்தியக்காரிக்கு விடமாட்டார். நான் வாசித்து முடிக்கிற வரை கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே இருந்தீர்கள். அதையும் இங்கே எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் உங்களைத் தப்பாக நினைப்பார்கள்.

ஆனால் அண்ணா, தூக்க ஆள் இருந்ததால்தான் அங்கே சரிவுப்பாதை வரவில்லை. செயலாளர் மாமாவிடம் நான் பேசிய ஒவ்வொரு தடவையும் "அவர்தான் உன்னை நல்லபடியாப் பாத்துக்கறாரே" என்றுதான் பதில் வந்தது. உங்கள் நல்ல மனசைக் காட்டியே என் வாயை அடைத்தார்கள், நீங்களும் அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. லிஃப்டுக்குப் பணம் இல்லை என்று சொன்ன அதே வருஷம் அங்கே எதற்குச் செலவானது என்பதை இங்கே எழுதவில்லை. அதன் திறப்பு விழாவில் பாடியது நீங்கள்.

சரிவுப்பாதைக்கு அங்கே இடம் இல்லை என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று சரிவு இருக்க வேண்டும், மேடை மூன்றடி உயரம் என்றால் பாதை மட்டும் 36 அடி போகும், நடுவில் திரும்ப இடம் வேறு. அதற்குத்தான் நின்ற இடத்திலேயே மேலே ஏற்றுகிற சின்ன லிஃப்ட் இருக்கிறது. மேலே போய்விட்டால் எனக்கு யாரும் வேண்டாம். நாற்காலிக்கும் ஜமுக்காளத்துக்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டால் கையை ஊன்றி நானே இறங்குவேன், வலது பாதத்தை நானே எடுத்து வைத்து வயலினின் நுனிச் சுருளை (ஸ்க்ரோலை) அதன்மேல் நிறுத்திக்கொள்வேன். வீட்டில் தினமும் அப்படித்தான் சாதகம் செய்கிறேன். உங்களுக்கு இது தெரியாது, ஏனென்றால் மேடையில் என்னை நானே இறங்க யாரும் விட்டதில்லை.

இன்னொன்று. கச்சேரி நாளில் மன்னி ஃப்ளாஸ்கில் கொடுத்தனுப்புகிற காபியைத் தொடாமல் திருப்பி அனுப்புகிறேன் என்று அவருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். மதியத்துக்கு மேல் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கிரீன் ரூம் பாத்ரூம் வாசலில் ஒரு படி, கதவு என் நாற்காலியைவிடக் குறுகல். மன்னியிடம் சொல்லுங்கள், அவருடைய காபிமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

சட்டம் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுமக்கள் வந்துபோகிற தனியார் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றுதான் சொல்கிறது, கலை நிகழ்ச்சி நடக்கிற இடமும் அதில் அடக்கம். விதிகள் 2017இல் வந்தன, பழைய கட்டடங்களை மாற்றக் கொடுத்த ஐந்து வருஷம் 2022இல் முடிந்துவிட்டது. அந்த 2022இல்தான் மெரினா மணலில் மரப்பாதை போட்டார்கள், சில நாளில் மாண்டஸ் புயல் பெயர்த்தது, மறுபடி சரிசெய்தார்கள். கடல்வரைக்கும் என் நாற்காலி போகிறது. சபா மேடைக்குப் போகாது.

எம்.சந்திரசேகரன் சாரை எனக்கு உதாரணம் காட்டுகிறார்கள். கண் தெரியாமலேயே வயலினில் அவ்வளவு உயரம் போய் 2005இல் சங்கீத கலாநிதி விருது வாங்கினார், உனக்கு என்ன குறை என்று. அவர் வாசிப்பு எனக்குப் பாடம், அதில் சந்தேகமே இல்லை. அவர் பெயரைச் சொல்லிப் படிக்கட்டுக்குச் சமாதானம் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

காரில் போகும்போதெல்லாம் நீங்கள் ஒரு கதை சொல்வீர்கள். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கு இடது கை வாசிப்பு, அவர் வாசித்தால் வயலினும் மிருதங்கமும் பக்கம் மாறி உட்கார வேண்டும், அதற்குப் பலர் ஒப்பவில்லை, பாடகர் செம்பைதான் இடம் மாற்றி உட்கார வைத்து அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்று. சொல்லும்போது உங்களுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், எனக்கும்தான். பிள்ளையை வலது கையால் வாசி என்று செம்பை சொல்லவில்லையே அண்ணா. மேடையைத்தானே மாற்றினார்? எனக்காக அந்த அளவுக்குக்கூட வேண்டாம், "லிஃப்ட் வைக்காவிட்டால் நானும் பாடவில்லை" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். உங்களுக்கு அது பெரிய காரியம் என்று புரிகிறது, வீடு இருக்கிறது, சிஷ்யர்கள் இருக்கிறார்கள், சபாவைப் பகைத்துக்கொள்ள முடியாது. புரிந்தாலும் வலிக்கிறது.

சீசனுக்கு இவ்வளவு கிட்டத்தில் சொல்வதற்கு மன்னித்துவிடுங்கள். எப்போது சொல்லியிருந்தாலும் ஏதோ ஒரு கச்சேரிக்குக் கிட்டத்தில்தான் இருந்திருக்கும்.

கீழ்த்தளத்திலேயே மேடை இருக்கிற அந்தப் பள்ளிக்கூட ஹாலுக்கும், சரிவுப்பாதை இருக்கிற மற்ற இடங்களுக்கும் நான் வருகிறேன், ஒத்திகைக்கு எப்போது வரட்டும் என்று சொல்லுங்கள். இரும்புப் படி சபாவுக்கு இப்போதே வேறு வயலின் பார்த்துவிடுங்கள். ராகம் தானம் பல்லவியை அங்கேதான் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும், அதற்காக இந்த மாதம் முழுக்க வீட்டில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வருகிறார்களோ அவர்களிடம் சொல்லுங்கள், நான் குறித்து வைத்திருக்கிற தாளக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.