பட்டறை இருட்டு

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். என் கிறுக்கு மட்டும் முற்றிவிட்டது. கத்தி அடிக்க வீட்டுக் கொல்லையில் உலை கட்டிவிட்டேன்!

கரி உலை வைத்தால் பக்கத்து மாடியில் காயும் துணிக்குப் பதில் சொல்லி மாளாது. அதனால் கேஸ் உலை. காலாவதியான தீயணைப்பு உருளை ஒன்றின் இரு முனையையும் வெட்டி, உள்ளே 1260 டிகிரி தாங்கும் செராமிக் கம்பளியை இரண்டு சுற்று ஒட்டினேன். அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்பதால் மேலே உலைச்சாந்து பூச்சு. வீட்டு சிலிண்டரைத் தொடவில்லை, பயப்படாதே. 19 கிலோ வணிக சிலிண்டர்தான். கேஸ் கசிந்தால் தரையோடு தேங்கும், உலையில் கார்பன் மோனாக்சைடும் வரும் என்பதால் கொட்டகைக்கு இரண்டு பக்கம் சுவரே வைக்கவில்லை.

பர்னர் முக்கால் அங்குல இரும்புக் குழாய். அதன் வாயில் 0.8 மி.மீ. துளையுள்ள வெல்டிங் முனை. கேஸ் சீறும் வேகத்தில் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும், துருத்தியே வேண்டாம். சின்ன வயதில் துருத்தி இழுத்துக் காய்த்துப்போன உன் கையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பற்றவைத்தால் டப் டப்பென்று வெடிக்கிறது. தீ குழாய்க்குள்ளேயே போய் எரிகிறது. மூன்று நாள் மண்டை காய்ந்த பிறகு, கேஸைக் கழற்றிவிட்டு முனையில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். நூல் மாதிரி வந்த தண்ணீர் நடுவில் போகாமல் குழாயின் பக்கத்தில் மோதியது. முனை கோணல்! அதை நேராக்கி, அழுத்தத்தையும் கொஞ்சம் கூட்டினேன். அப்புறம் ஒரே சீரான உறுமல்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் முதல் கத்தி. மத்தியான வெயிலில் துவைச்சலுக்கு, அதான் எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவதற்கு, காய்ச்சினேன். சிவப்பே ஏறாத மாதிரி தெரிந்ததால் இன்னும் இன்னும் விட்டேன். எண்ணெயில் முக்கி எடுத்து, அரம் போடும்போது கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது, இரண்டு துண்டு. உடைந்த முகத்தில் கற்கண்டு மாதிரி மணி மணியாகப் பளபளப்பு. சூடு மிஞ்சிப்போய்விட்டது.

உன் அப்பா பட்டறைக்கு ஜன்னலே கிடையாதே, கஞ்சத்தனம் என்று சிரிப்போமே! நிறம் பார்க்கத்தான் அந்த இருட்டு. அடுத்த கத்திக்கு விளக்கு வைக்கும் நேரம்வரை காத்திருந்தேன். 770 டிகிரி வாக்கில் காந்தம் ஒட்டாமல் போகும். அதற்குமேல் ஒரு நிறம் ஏறவிட்டு, வெதுவெதுப்பான எண்ணெயில் முக்கினேன். அரம் வழுக்கியது, கடினம் ஏறிவிட்டது. பிறகு உடையும் குணம் குறைய மின் அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். இப்போது அடுக்களையில் பூசணிக்காய் வெட்டுகிறது. பிடிதான் வழவழவென்று இருப்பதாக வீட்டில் குறை.

அப்பாவின் நீளக் குறடு பரணில் இன்னும் கிடக்கிறதா? என்னுடையது குட்டை, கை சுடுகிறது. தை மாதம் வரும்போது எடுத்து வா.

அன்புடன்,
ராசு